ஒரு பெரியவர் சொன்ன பெரிய எண்



இன்றைய உரையைக் கேட்கும்போது ஒரு பென்சிலும், பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதாத பக்கம் ஒன்றும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் நல்லது. நாம் இன்று பேசப் போவது ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான். பத்து இலக்கங்கள் கொண்ட எண். மெதுவாகச் சொல்கிறோம், எழுதிக் கொள்ளுங்கள். நான்கு, இரண்டு, ஒன்பது, நான்கு, ஒன்பது, ஆறு, ஏழு, இரண்டு, ஒன்பது, ஏழு.

4294967297.

நம் வழக்கப்படி வாசித்தால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. மில்லியன் கணக்கில் பழகிய பிள்ளைகள் 4294 மில்லியன் என்று தொடங்குவார்கள். இரண்டும் ஒன்றுதான், தாத்தாவும் பேரனும் இதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

இந்த எண் எங்கிருந்து வந்தது? 2 என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள், 4 வரும். 4-ஐ 4-ஆல் பெருக்கினால் 16. 16-ஐ 16-ஆல் பெருக்கினால் 256. 256-ஐ 256-ஆல் பெருக்கினால் 65536. இதையும் ஒரு முறை அதே எண்ணால் பெருக்கினால் 4294967296. கடைசிப் பெருக்கலுக்கு அரைப் பக்கமாவது பிடிக்கும். அதனோடு 1 சேர்த்தால் நம்முடைய எண் வந்து விடுகிறது.

இதே வரிசையில் உள்ள மற்ற எண்களோடும் 1 சேர்த்துப் பாருங்கள். 2 உடன் 1 சேர்த்தால் 3. பிறகு 5, 17, 257, 65537. ஆறாவதாக வருவது நம் எண். முதல் ஐந்துக்கும் ஒரு சிறப்பு உண்டு. அவை ஐந்தும் பகா எண்கள்.

பகா எண் என்றால் என்ன என்று பள்ளியை விட்டு நாளாகிப் போன பெற்றோர் கேட்கக் கூடும். ரப்பர்க் கன்று நடுவதை வைத்தே சொல்லலாம். நம்மிடம் 12 கன்றுகள் இருக்கின்றன. அவற்றை நிரைக்கு 4 வீதம் 3 நிரையாக நடலாம். நிரைக்கு 6 வீதம் 2 நிரையாகவும் நடலாம். ஒரு கன்று கூடி 13 ஆகி விட்டால்? எப்படிப் பிரித்தாலும் ஏதாவது ஒரு நிரையில் குறையும் அல்லது மிஞ்சும். ஒரே நீள நிரையாக நட்டால்தான் சரியாக வரும். இப்படிச் சம நிரைகளாகப் பிரிக்க முடியாத எண்ணுக்குத்தான் பகா எண் என்று பெயர்.

அப்படியானால் 4294967297 கன்றுகளைச் சம நிரைகளாக நட முடியுமா, முடியாதா? இதுதான் கேள்வி. முடியாது என்றால், கன்றுக்குக் கன்று 3 மீட்டர் இடைவெளி விட்டு ஒரே நிரையாக நட வேண்டும். அந்த ஒற்றை நிரை பூமியை 320 தடவைக்கு மேல் சுற்றி வந்து விடும்!

இந்தக் கேள்விக்கு முதலில் விடை சொன்னவர் சாதாரண மனிதர் அல்லர். பிரான்சு நாட்டின் டூலூஸ் நகரத்தில் நீதிமன்றப் பணியில் இருந்த பியர் டி ஃபெர்மா என்பவர் அவர். தொழில் சட்டம், கணிதம் ஓய்வு நேரத்து வேலை. கண்டுபிடித்தவற்றைப் புத்தகமாகப் போடாமல் நண்பர்களுக்குக் கடிதமாகவே எழுதி வந்தார். அப்படி இருந்தும் அக்காலத்து ஐரோப்பாவின் தலைசிறந்த கணித அறிஞர்களில் ஒருவராக மதிக்கப்பட்டார். அவர் 1640-இல் இந்த வரிசையைப் பற்றி எழுதினார். 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள். அடுத்து வரும் 4294967297-உம் பகா எண்தான். வரிசையை எவ்வளவு தூரம் நீட்டினாலும் எல்லாம் பகா எண்களாகவே இருக்கும் என்பது அவருடைய கருத்து. அதற்குச் சரியான நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவரே ஒப்புக் கொண்டார். ஆனாலும் அது உண்மை என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை.

ஐந்து சரியாக இருக்கிறது, ஆகவே ஆறாவதும் சரியாக இருக்கும். சொன்னவரோ பெரியவர். இந்த இரண்டும் சேர்ந்து விட்டால் மனிதர் மனம் அமைதியாகி விடுகிறது. நமக்கு இது புதிய அனுபவம் அன்று. நம் பாட்டன் பாட்டி காலத்தில் பால் நிறுத்துப் போட்ட கணக்கும், பற்று எழுதிய கணக்கும் ஏட்டில் இருக்கும். எதிரில் கைநாட்டு இருக்கும். ஏட்டில் உள்ளது சரியா தவறா என்று பார்ப்பதற்கு எழுத்துத் தெரியாது. எழுதியவர் படித்தவர், படித்தவர் தவறு செய்ய மாட்டார் என்று நம்பினார்கள். எழுதியவர் நேர்மையானவராகவே இருந்திருக்கலாம். ஆனால் நேர்மையானவருக்கும் கூட்டலில் கை தவறும் அல்லவா? ஃபெர்மா யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அவருக்கும் இங்கே கை தவறித்தான் விட்டது.

அவருடைய சொல் 92 ஆண்டுகள் திருத்தப்படாமல் நின்றது.

1729-ஆம் ஆண்டு டிசம்பரில் கோல்ட்பாக் என்ற அறிஞர், ருசியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வேலை பார்த்து வந்த இளைஞர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். ஃபெர்மா இப்படிச் சொல்லியிருக்கிறாரே, உமக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தார். அந்த இளைஞர்தான் சுவிட்சர்லாந்தில் பிறந்த லியோனார்ட் ஆய்லர். அப்போது அவருக்கு வயது 22. முதலில் அவர் இதில் அதிக அக்கறை காட்டவில்லை. ஆனால் கேள்வி மனத்தில் தங்கி விட்டது போலும். 1732-இல் அவர் அறிவித்தார்: 4294967297 பகா எண் அன்று, அதை 641 மீதியின்றி வகுக்கும்.

641! ஆயிரத்தைக் கூட எட்டாத ஒரு சின்ன எண். முயன்று பார்க்கிறவர்களுக்கு இது உடனே விளங்கும் என்ற பொருள்பட ஆய்லர் ஒரு வரி எழுதி விட்டு மேலே போய் விட்டார். நாமும் முயன்று பார்ப்போம். 4294967297-ஐ 641-ஆல் வகுத்தால் ஈவு 6700417 என்று வர வேண்டும். பெருக்கிச் சரி பார்க்கலாம். பென்சிலை எடுங்கள்.

6700417-ஐ 600-ஆல் பெருக்கினால் 4020250200. அதே எண்ணை 40-ஆல் பெருக்கினால் 268016680. 1-ஆல் பெருக்கினால் அது அப்படியே 6700417. மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டுங்கள். இலக்கங்கள் நேராக இருக்கட்டும். கூட்டலில் பாதித் தவறு இலக்கம் நகர்வதால்தான் வருகிறது. கூட்டி முடித்தவர்கள் கீழே பாருங்கள். 4294967297.

92 ஆண்டுகள் நின்ற ஒரு சொல் மூன்று வரிக் கூட்டலில் விழுந்து விட்டது. அதோடு நம் கன்றுகளும் நிரையில் அடங்கி விட்டன. மொத்தம் 641 நிரைகள். நிரைக்கு 67 லட்சத்து 417 கன்றுகள். ஒவ்வொரு நிரையும் ஏறக்குறையப் பூமியின் பாதிச் சுற்றளவுக்குப் போகும். அங்கே வெளிக்காட்டு வேலைக்கு யார் போவது என்று மட்டும் கேட்காதீர்கள்.

பெரிய பெருக்கல் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு குறுக்கு வழி உண்டு. நமக்கு இதுதான் அதிகம் பிடித்திருக்கிறது. முதலில் ஒரு சிறு உண்மையைத் தெரிந்து கொள்வோம். 10-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3. 10-ஐ 10-ஆல் பெருக்கினால் 100. அதை 7-ஆல் வகுத்தால் மீதி 2. இப்போது மீதியை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். 3-ஐ 3-ஆல் பெருக்கினால் 9. அதை 7-ஆல் வகுத்தாலும் மீதி 2. மீதியைத் தெரிந்து கொள்ள முழு எண்ணையும் சுமக்க வேண்டியதில்லை. மீதிகளைப் பெருக்கினாலே போதும்.

இப்போது 65536-ஐ 641-ஆல் வகுங்கள். 102 தடவை போகும், மீதி 154. 154-ஐ 154-ஆல் பெருக்குங்கள்: 23716. அதை 641-ஆல் வகுங்கள். 36 தடவை போகும், மீதி 640. நம் எண் 65536-ஐ அதே எண்ணால் பெருக்கி 1 சேர்த்தது அல்லவா? 640 உடன் 1 சேர்த்தால் 641. மீதி எதுவும் இல்லை. நாம் கையாண்ட எண்களில் ஐந்து இலக்கத்தைத் தாண்டியது ஒன்றும் இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இது எட்டாத கணக்கு அன்று.

641 என்று சொன்ன பிறகு சரி பார்ப்பது எளிது. ஆனால் 641 என்று கண்டுபிடிப்பது எப்படி என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்வி. கண்ணை மூடிக் கொண்டு 2, 3, 5, 7, 11 என்று பகா எண்களை வரிசையாக எடுத்து வகுத்துக் கொண்டே போனால், 641 என்பது 116-ஆவது பகா எண். 116 வகுத்தல் என்பது பொறுமைசாலிக்குச் சில நாள் வேலைதான். ஆய்லர் அதையும் சுருக்கினார். எப்படிச் சுருக்கினார் என்பதை முதலில் சொல்லாமல், பல ஆண்டுகள் கழித்து எழுதிய இன்னொரு கட்டுரையில் விளக்கினார். இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்குமானால், அந்தப் பகா எண்ணை 64-ஆல் வகுக்கும்போது கட்டாயம் மீதி 1 வர வேண்டும். இதற்குரிய காரணம் கொஞ்சம் நீளமானது. வானொலியில் கரும்பலகை இல்லையே! ஆனால் பயனைப் பாருங்கள். 64-ஆல் வகுக்க 1 மீதி வரும் எண்கள் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று போகும். இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. 193-ஆல் வகுத்தால் மீதி 109. 257-க்கு மீதி 2. 449-க்கு 325. 577-க்கு 288. ஐந்தாவது முயற்சியில் 641, மீதி இல்லை. 116 வகுத்தல் ஐந்தாகச் சுருங்கி விட்டது.

இதில் வருத்தமான செய்தி ஒன்று உண்டு. இந்தச் சுருக்கத்துக்கு அடிப்படையான விதியைக் கண்டவர் வேறு யாரும் அல்லர், அதே ஃபெர்மாதான். அதையும் அவர் அதே 1640-இல்தான் கடிதத்தில் எழுதினார். கருவி கையிலேயே இருந்தது. ஐந்தே ஐந்து வகுத்தல். ஒருவேளை வகுத்துப் பார்த்து, எங்கோ ஓரிடத்தில் கழித்தலில் தவறியிருப்பார் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. அவர் இன்னொரு தடவை போட்டுப் பார்த்திருந்தால் ஆய்லருக்கு இங்கே வேலை இருந்திருக்காது.

இந்த எண்ணோடு ஒரு சிறுவனின் பெயரும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் 1804-இல் ஓர் எளிய விவசாயியின் வீட்டில் பிறந்த ஸீரா கோல்பர்ன் என்ற பிள்ளை அவன். பள்ளிக்குப் போனது சில வாரங்கள்தான். அதற்குள் பெருக்கல் வாய்ப்பாட்டைத் தானாக ஒப்பித்துக் கொண்டிருந்ததைக் கேட்டுத் தகப்பனார் திகைத்துப் போனார். 1812-இல் அவனை லண்டன் மாநகருக்கு அழைத்துப் போனார்கள். அங்கே அறிஞர்கள் அவனிடம் 4294967297 என்ற எண்ணைக் கொடுத்து, இதை எது வகுக்கும் என்று கேட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளை, தாளும் பென்சிலும் இல்லாமல் மனக்கணக்காகவே 641 என்று சொன்னதாக அக்காலத்துப் பதிவு கூறுகிறது.

கேட்கும்போது நமக்கும் பெருமிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். தகப்பனார் அவனை ஊர் ஊராகக் கொண்டு போய்க் காசுக்கு வேடிக்கை காட்டினார். ஒழுங்கான படிப்பு விட்டு விட்டுத்தான் நடந்தது. வளர வளர அந்தத் திறமையும் மங்கியது. பின்னாளில் அவர் சமயப் போதகராகவும் மொழி ஆசிரியராகவும் வேலை செய்து, 1839-இல், 35 வயது நிறையும் முன்பே காலமானார். கணிதத்துக்கு அவரால் வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. கெட்டிக்காரப் பிள்ளையை விருந்தாளிகளுக்கு முன் நிறுத்தி வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லும் பழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது.

இன்னொரு பிள்ளையின் கதை வேறு மாதிரிப் போயிற்று. ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் 1777-இல் பிறந்த கார்ல் பிரெடரிக் காஸ் என்பவருடைய தகப்பனார் தோட்ட வேலையும் கொத்து வேலையும் செய்து பிழைத்தவர். தாயாருக்கு எழுதத் தெரியாது. மகன் பிறந்த தேதியைக் கூட அவர் குறித்து வைக்கவில்லை. கிறித்துவர்கள் கொண்டாடும் விண்ணேற்றத் திருநாளுக்கு எட்டு நாள் முந்திய புதன்கிழமை என்று மட்டும் நினைவு வைத்திருந்தார். மகன் வளர்ந்த பிறகு, அந்தத் திருநாள் எந்த ஆண்டில் எந்தத் தேதியில் வரும் என்பதற்கே ஒரு கணக்கு வகுத்து, தம் பிறந்த நாள் ஏப்ரல் 30 என்று கண்டு கொண்டார். பிறப்புப் பத்திரத்துக்காக அலைந்த குடும்பங்களுக்கு இந்தச் செய்தியின் அருமை புரியும்.

அந்தக் காஸ் 1796-இல், 19 வயது நிறையும் முன், நம் வரிசையில் உள்ள 17-ஐக் கொண்டு ஓர் அதிசயம் செய்தார். அளவு குறிக்காத வரைகோல், கவராயம் இரண்டை மட்டும் வைத்துக் கொண்டு 17 சம பக்கங்கள் உள்ள உருவத்தை வரைய முடியும் என்று காட்டினார். பழங்காலக் கிரேக்கர்கள் 3 பக்கமும் 5 பக்கமும் வரைந்ததோடு நின்ற இடம் அது. 2000 ஆண்டுகளாக யாரும் அதைத் தாண்டவில்லை. 257 பக்கமும் 65537 பக்கமும் கூட இந்த முறையில் முடியும். நம் எண் பகா எண்ணாக இருந்திருந்தால் அத்தனை பக்கமுள்ள உருவமும் முடிந்திருக்கும். 641 குறுக்கே வந்து விட்டதால் முடியாது.

நம் எண்ணின் அண்டை வீட்டுக்காரர்களையும் ஒரு தடவை பார்த்து விடுவோம். 3, 5, 17, 257, 65537 என்ற ஐந்தையும் ஒன்றோடொன்று பெருக்குங்கள். 15, 255, 65535 என்று ஏறி, கடைசியில் 4294967295 வரும். நம் எண்ணுக்கு இரண்டு குறைவு. அதற்கு அடுத்த 4294967296-ஐ இன்று கைத்தொலைபேசி வைத்திருப்பவர்கள் தெரியாமலே பயன்படுத்துகிறார்கள். இணையத்தில் கணினிகளை அடையாளம் காண 1981-இல் வகுத்த முகவரி முறையில் மொத்தம் இத்தனை முகவரிகள்தாம் உண்டு. ஒருபோதும் தீராது என்று தோன்றிய அந்தக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் உலகப் பொது அளவில் தீர்ந்து போயிற்று. அதைவிட மிக நீளமான முகவரி முறையும் இப்போது பழக்கத்தில் இருக்கிறது.

வரிசையில் நம் எண்ணுக்கு அப்புறம் வருபவை? ஃபெர்மா எல்லாமே பகா எண் என்றார். ஆறாவதில் அது பொய்த்தது. ஏழாவதும் பகா எண் அன்று, எட்டாவதும் அன்று. இன்று வரை ஆராய்ந்து முடிவு தெரிந்தவற்றில், அந்த முதல் ஐந்தைத் தவிர ஒன்று கூடப் பகா எண்ணாக அமையவில்லை. இனி ஒன்றும் அமையாது என்று நிறுவியவரும் இல்லை. நாமும் ஃபெர்மாவைப் போல அவசரப்பட்டுச் சொல்லி விடக் கூடாது.

கடைசியாக, 6700417 மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதையாவது இன்னும் சிறு நிரைகளாகப் பிரிக்க முடியுமா? முடியாது, அது பகா எண் என்று சொன்னால், நீங்கள் நம்பக் கூடாது. போட்டுப் பாருங்கள். ஆய்லரின் விதி இதற்கும் பொருந்தும். 193, 257, 449, 577 ஆகியவை முழு எண்ணையே வகுக்கவில்லை. ஆகவே இதையும் வகுக்கா. 2588-க்கு மேல் தேட வேண்டியதில்லை. 2589-ஐ 2589-ஆல் பெருக்கினாலே 6700417-ஐத் தாண்டி விடும். இடையில் மிஞ்சுவது ஏழே ஏழு எண்கள்: 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113. ஏழு வகுத்தல், அவ்வளவுதான். ஒரு வீட்டில் நான்கு பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு கூட வராது.

முதலாவதை நாம் போட்டுப் பார்த்தோம். 641-ஆல் வகுத்தால் 10453 தடவை போய், மீதி 44 வந்தது. மற்ற ஆறும் உங்கள் பங்கு. எதிலாவது மீதி வராமல் போனால் இன்னொரு தடவை வகுத்துப் பாருங்கள். நம்முடைய 44-ஐயும் சேர்த்துத்தான்.